சர்வர் வரைபடத்தில் பெயரில்லாத கோடுகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் அண்மையில் ஒரு விளக்கப்படம் வந்திருந்தது. சிராங்கூன் சாலையில் மளிகைக்கடை வைத்திருப்பவர் இணையத்திலும் ஆர்டர் எடுக்கத் தொடங்கினால், அந்த மென்பொருள் எந்தெந்தக் கணினிகளில் ஓடும் என்று காட்டும் படம். ஆறு பெட்டிகள், அவற்றைச் சேர்க்கும் ஐந்து கோடுகள், பின்னால் ஒரு வெள்ளை மேகம். பெட்டிகளுக்கெல்லாம் பெயர் இருந்தது: வாடிக்கையாளரின் கைப்பேசி, வரும் கோரிக்கைகளைச் சர்வர்களுக்குப் பங்கிட்டுத் தரும் லோடு பேலன்சர், செயலி சர்வர், தரவுத்தளம், அடிக்கடி தேவைப்படும் தரவை நினைவகத்தில் வைத்திருக்கும் ரெடிஸ், கட்டண நிறுவனம். கோடுகளில் மட்டும் ஓர் எழுத்துகூட இல்லை. பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள் வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளும் பக்கம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பெயர். டிப்ளாய்மென்ட் டயகிராம் என்பதை இயந்திர மொழிபெயர்ப்பு 'வரிசைப்படுத்தல் வரைபடம்' ஆக்கிவிடுகிறது. உங்கள் பக்கத்திலும் அதே சொல்தான். இதில் யாரும் எதையும் வரிசைப்படுத்துவதில்லை. எழுதி முடித்த மென்பொருளை எங்கே கொண்டுபோய் நிறுவுகிறோம் என்பதைக் காட்டும் படம், ஆகவே நிறுவல் வரைபடம் என்றால் போதும். பெட்டியை நோட் என்கிறோம், தமிழில் கணு. கரும்பின் கணு நினைவுக்கு வந்தால் நல்லது. கரும்பில் கணு கடினமான இடம். கடித்துச் சுவைப்பது இரண்டு கணுவுக்கு நடுவில் உள்ள பகுதியை. இந்தப் படத்திலும் விஷயம் அங்கேதான் இருக்கிறது.

மென்பொருள் வரைபடங்களுக்கான யூஎம்எல் வரைமொழியை ஓஎம்ஜி என்ற தர அமைப்பு 1997இல் தரமாக ஏற்றுக்கொண்டது. அதன் 2.5.1 பதிப்பு 2017 டிசம்பரில் வந்தது. கணுக்களுக்கு இடையே போகும் முழுக்கோட்டுக்கு அதில் கம்யூனிகேஷன் பாத், அதாவது தொடர்புப் பாதை, என்று தனிப்பெயர் உண்டு. அதன் இரண்டு முனைகளிலும், மென்பொருளை நிறுவக்கூடிய இடம் ஒன்று இருக்க வேண்டும்: ஒரு கணினி, அல்லது கணினிக்குள் ஓடும் டாம்கேட் போன்ற இயங்குசூழல். ஜார் என்ற ஜாவா நிரல் கோப்பிலிருந்து தரவுத்தளக் கோப்புக்கு முழுக்கோடு இழுப்பது தவறு. கோப்புகள் கணுவுக்குள் உட்காருபவை. கோப்பை இந்தக் கணுவில் நிறுவுகிறோம் என்று காட்ட வேறு கோடு இருக்கிறது: கோப்பிலிருந்து கணுவை நோக்கி அம்புபோட்ட, இடைவெளி விட்டுவிட்டு வரும் கோடு, அதன்மேல் «டிப்ளாய்» என்ற குறி.

உங்கள் படத்தில் செயலி சர்வருக்கும் ரெடிஸுக்கும் நடுவே விட்டுவிட்டு வரும் கோடு போட்டிருந்தது. தரம் தெரிந்தவர் அதைப் பார்த்தால், ஒன்று மற்றொன்றைச் சார்ந்திருக்கிறது என்று மட்டும்தான் படிப்பார். இரண்டுக்கும் நடுவில் வலையமைப்பு வழி இருக்கிறதா என்பதை அந்தக் கோடு சொல்லாது. எழுத்தாகத் தட்டினால் படம் வரைந்துதரும் பிளான்ட்யுஎம்எல் கருவியில் வரைபவர்கள் இந்தப் பிழையை எளிதில் செய்கிறார்கள்: இரண்டு கழித்தல் குறி தட்டினால் முழுக்கோடு, இரண்டு புள்ளி தட்டினால் விட்டுவிட்டு வரும் கோடு. விசை மாறினால் பொருளே மாறிவிடும், கருவியோ எச்சரிக்கை எதுவும் தராது.

தொடர்புப் பாதை என்பது யூஎம்எல்லில் அசோசியேஷன் என்ற உறவின் ஒரு வகை. ஆகவே அசோசியேஷனுக்கு உள்ள வசதிகள் எல்லாம் இதற்கும் உண்டு. கோட்டின்மேல் «எச்டிடிபிஎஸ்» என்று நெறிமுறையை, அதாவது இரு கணினிகள் பேசிக்கொள்ளும் முறையை, குறிக்கலாம். இரு முனைகளிலும் எத்தனை என்ற எண்ணிக்கையைப் போடலாம். முனைக்கு ஒரு பெயரும் தரலாம். பெரும்பாலோர் முதலாவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வேறு பலர் அதையும் செய்யாமல் கோட்டின்மேல் 'பயன்படுத்துகிறது' என்று எழுதிவைக்கிறார்கள். எதுவும் எழுதாமல் இருப்பதற்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

அம்புமுனை எந்தப் பக்கம் என்பதில்தான் சண்டையே வரும். தரவுத்தளத்திலிருந்து பொருள்பட்டியல் செயலி சர்வருக்கு வருகிறது, எனவே அம்பு சர்வரை நோக்கி என்று ஒருவர் சொல்வார். கேள்வி கேட்பது சர்வர், எனவே தரவுத்தளத்தை நோக்கி என்று இன்னொருவர் சொல்வார். இதைத் தீர்த்துவைக்கும் விதி யூஎம்எல் தரத்தில் இல்லை. அங்கே அம்புமுனைக்கு வேறு பொருள். நடைமுறையில் ஒரே முடிவுதான் உதவும்: இணைப்பை யார் தொடங்குகிறாரோ அவரிடமிருந்து அம்பு புறப்படட்டும். எந்த இணைப்பை விடுவது, எதைத் தடுப்பது என்று பார்க்கும் ஃபயர்வாலின் விதியை அந்தத் திசையில்தான் எழுதுகிறோம். தரவு எந்தப் பக்கம் போகிறது என்பது ஃபயர்வாலுக்குப் பொருட்டில்லை, முதல் தரவுப் பொட்டலம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்றுதான் அது பார்க்கும். இந்த முடிவைப் படத்தின் ஓரத்தில் ஒரே வரியில் எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் படிப்பவர் தன் பழக்கப்படி படித்துக்கொள்வார்.

இந்த ஒரு விதியை வைத்து உங்கள் படத்தின் ஐந்தாவது கோட்டைப் பாருங்கள். செயலி சர்வருக்கும் கட்டண நிறுவனத்துக்கும் நடுவே இரு பக்கமும் அம்புபோட்ட ஒரே கோடு. உண்மையில் அங்கே இரண்டு தனித்தனி இணைப்புகள். வாடிக்கையாளர் பணம் கட்டப் பேநவ் கியூஆர் குறியீட்டைக் கேட்கும்போது, கடையின் சர்வர் வெளியே போய்க் கட்டண நிறுவனத்தை அழைக்கிறது. பணம் கட்டி முடிந்ததும், 'வந்துவிட்டது' என்று சொல்லக் கட்டண நிறுவனம் தானாகக் கடையை அழைக்கிறது. இந்த இரண்டாவது அழைப்பு இணையத்திலிருந்து உள்ளே வருவது. அது லோடு பேலன்சர் வழியாகத்தான் வந்தாக வேண்டும். ஒரே கோடாக வரைந்தால் வலையமைப்பைக் கவனிப்பவர் வெளியே போகும் வழியை மட்டும் திறந்துவைப்பார். பிறகு பணம் கழியும், ஆர்டர் மட்டும் 'காத்திருக்கிறது' என்றே நிற்கும். குறை மென்பொருள் எழுதியவர் தலையில் விழும்.

வெளியே போகும் வழியிலும் ஒரு கணு விடுபட்டிருக்கிறது. உள்ளே 10. அல்லது 192.168. என்று தொடங்கும் தனி முகவரியில் இருக்கும் சர்வர், இணையத்துக்குப் போக நாட் கேட்வே (தனி முகவரியைப் பொதுமுகவரியாக மாற்றும் சாதனம்) ஒன்றைத் தாண்ட வேண்டும். கட்டண நிறுவனம் காண்பது அந்த நாட் கேட்வேயின் பொதுமுகவரியை. பல நிறுவனங்கள் தங்களிடம் பதிவுசெய்த முகவரியிலிருந்து வரும் அழைப்பை மட்டுமே ஏற்கின்றன. கடை வளர்கிறது, பாதுகாப்புக்காக இரண்டாவது வளாகத்திலும் சர்வர்களை வைக்கிறார்கள், அங்கே இன்னொரு நாட் கேட்வே, புதிய பொதுமுகவரி. அதைக் கட்டண நிறுவனத்திடம் சொல்ல மறந்தால், ஏறக்குறையப் பாதி அழைப்புகள் போகும், பாதி போகாது. முழுதும் நின்றால் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம்; இந்தப் 'பாதி' கோளாறுக்கு இரண்டு நாள் ஆகும். படத்தில் நாட் கேட்வேயைப் பெட்டியாக வரைந்து, அதற்கு முன்னும் பின்னும் கோட்டைப் பிரித்து, முகவரியை எழுதியிருந்தால் பார்த்தவுடனே தெரியும்.

நடுவில் நிற்கும் பொருள்களைப் பெட்டியாக வரையும் இதே விதி லோடு பேலன்சருக்கும் பொருந்தும். கைப்பேசியிலிருந்து லோடு பேலன்சர் வரை எச்டிடிபிஎஸ், டிசிபி 443, அதாவது டிசிபி என்ற இணைப்பு முறையில் 443 என்ற போர்ட் (வாசல் எண்). மறையாக்கம் பெரும்பாலும் அங்கேயே பிரிக்கப்பட்டுவிடும். அதன்பிறகு செயலி சர்வர் வரை 8080 போன்ற ஒரு போர்ட்டில் மறையாக்கம் இல்லாத எச்டிடிபி ஓடுகிறதா, மறுபடி மறையாக்கம் செய்து அனுப்புகிறார்களா என்பது கணக்காய்வாளர் கேட்கும் முதல் கேள்வி. 'எச்டிடிபிஎஸ்' என்று கோடு முழுவதற்கும் எழுதிவைப்பது இதை மறைக்கும். மறையாக்கம் உள்ள கோடு ஒவ்வொன்றிலும் மறையாக்க நெறிமுறையான டிஎல்எஸ்ஸின் பதிப்பை எழுத வேண்டும், 1.0, 1.1 இரண்டும் 2021 மார்ச்சில் கைவிடப்பட்டவை. தளத்தின் அடையாளத்தைக் காட்டும் சான்றிதழை யார் புதுப்பிப்பது என்பதையும் எழுத வேண்டும். பொதுச் சான்றிதழ்களின் ஆயுள் குறைந்துகொண்டே வருகிறது: உச்சவரம்பு 398 நாளாக இருந்தது. 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100, 2029 மார்ச் 15 முதல் 47. ஆண்டுக்கு ஒருமுறை நாட்காட்டியில் குறித்துவைத்துக் கையால் மாற்றும் பழக்கம் இனிச் செல்லாது.

அடுத்து எண்ணிக்கை. கோட்டின் முனையில் போடும் '1', '2..9' (இரண்டு முதல் ஒன்பது வரை) போன்ற எண்களை அலங்காரம் என்று விட்டுவிடுகிறார்கள். அந்த எண்கள் கூட்டல் கணக்குக்காக இருப்பவை. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், அமைப்பை மாற்றாமல் விட்டால், ஒரே நேரத்தில் 100 இணைப்புகளைத்தான் ஏற்கும். அதில் 3 நிர்வாகிக்கு ஒதுக்கப்பட்டவை. மற்றவர்களுக்கு மீதி 97. ஜாவா செயலிகளில் பரவலாகப் பயன்படும் ஹிகாரி என்ற இணைப்புத் தொகுப்பு (தரவுத்தள இணைப்புகளைத் திறந்துவைத்துத் திரும்பத் திரும்பத் தரும் நிரல்), அதுவும் மாற்றாமல் விட்டால், ஒவ்வொரு சர்வரிலும் 10 இணைப்புகள் வரை திறந்துவைத்திருக்கும். நான்கு சர்வர் என்றால் 40, கவலை இல்லை. தீபாவளிக்கு முந்தைய வாரம் கூட்டத்தைச் சமாளிக்கத் தானியங்கி ஏற்பாடு ஒன்பது சர்வர்களாக உயர்த்துகிறது: 90, இன்னும் தாங்கும். அந்த நேரம் பார்த்துப் புதிய பதிப்பை நிறுவுகிறார்கள். பழைய சர்வர்களை மூடுமுன் புதியவை எழுந்து நிற்கும். ஒரு புதிய சர்வர் எழுந்ததுமே 100 கேட்கிறது, 97தான் இருக்கிறது. 'மீதி இணைப்பிடங்கள் நிர்வாகிக்கு ஒதுக்கப்பட்டவை' என்ற பொருளில் பிழைச்செய்தி வரத்தொடங்கும். படத்தில் சர்வர் முனையில் '2..9', தரவுத்தள முனையில் '1', கோட்டின்மேல் 'டிசிபி 5432, சர்வருக்கு 10' என்று எழுதியிருந்தால், வரைந்த மேசையிலேயே பெருக்கிப் பார்த்திருக்கலாம்.

இதற்கு மருந்தாக, தரவுத்தள இணைப்புகளைப் பலருக்கும் பகிர்ந்து தரும் பிஜிபவுன்சரை நடுவில் வைப்பார்கள். அது 6432 போர்ட்டில் நிற்கும் இன்னொரு கணு. ஒரு கோடு இரண்டாகும். வைத்தவர்கள் அடிக்கடி மறப்பது, அதன் வாடிக்கையாளர் வரம்பும் இயல்பாக 100தான் என்பதை. முட்டுக்கட்டை ஓர் அடி இடதுபக்கம் நகர்ந்திருக்கும், அவ்வளவே.

கோட்டுக்கு நீளமும் உண்டு. எம்ஆர்டி ரயில் வரைபடம் போலத்தான்: தாளில் எல்லாக் கோடும் இரண்டு சென்டிமீட்டர். சிங்கப்பூரில் சர்வர், சென்னையில் தரவுத்தளம் என்ற ஏற்பாடு நம் ஊரில் வழக்கத்தில் இல்லாததல்ல. இரு நகரங்களுக்கும் இடையிலான கடலடிக் கம்பி ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் போகும். போய்வர 6,400 கிலோமீட்டர், 32 மில்லிவிநாடி. இது இயற்பியல் விதிக்கும் அடிமட்டம். எந்த நிறுவனத்துக்குப் பணம் கட்டினாலும் இதற்குக் கீழே வராது. ஒரு பக்கத்தைக் காட்டத் தரவுத்தளத்தை 40 முறை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கும் நிரல், ஒரே தரவு நிலையத்துக்குள் இருந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் முடித்துவிடும். சென்னைவரை போய்வந்தால் 1.28 விநாடி, அதுவும் காத்திருப்பு மட்டும். ஆகவே ஊர் தாண்டும் கோடு ஒவ்வொன்றிலும் போய்வரும் நேரத்தை மில்லிவிநாடியில் எழுதுங்கள் என்று மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

கோடு எவ்வளவு நேரம் சும்மா இருக்கலாம் என்பது அதைவிட நுட்பமான விஷயம், படங்களில் அரிதாகவே காணக் கிடைக்கும். நடுவில் உள்ள சாதனங்கள் பேச்சில்லாத இணைப்பைத் தங்கள் நினைவிலிருந்து அழித்துவிடும். மைக்ரோசாஃப்டின் அஷூர் லோடு பேலன்சர் 4 நிமிடம் பொறுக்கும். அமேசானின் நெட்வொர்க் லோடு பேலன்சர் டிசிபிக்கு 350 விநாடி, அப்ளிகேஷன் லோடு பேலன்சர் 60 விநாடி. எல்லாம் மாற்றாமல் விட்ட அளவுகள். லினக்ஸ் சர்வரோ, எதிர்முனை உயிரோடிருக்கிறதா என்று விசாரிக்க 7,200 விநாடி, அதாவது இரண்டு மணிநேரம், காத்திருக்கும். இரவில் கடைக்கு ஆர்டர் இல்லை. நடுவில் இருக்கும் ஃபயர்வால் இணைப்பை மறந்துவிட்டது, இரு முனைகளுக்கும் அது தெரியாது. விடியற்காலை முதல் ஆர்டர் அந்தச் செத்த இணைப்பில் ஏறுகிறது. ஃபயர்வால் பொட்டலத்தைச் சத்தமில்லாமல் விழுங்கினால், லினக்ஸ் மறுபடி மறுபடி அனுப்பிப் பார்த்துவிட்டுக் கைவிட ஏறத்தாழ 15 நிமிடம் ஆகும். பிறகு எல்லாம் தானே சரியாகிவிடும். 'காலையில் மட்டும் தொங்குகிறது' என்ற புகாருக்குப் பின்னால் பலமுறை இருப்பது இதுதான். தீர்வு சின்னது: இணைப்புத் தொகுப்பின் உயிர்ச்சோதனை இடைவெளியை, அந்தக் கோட்டின் நடுவில் உள்ள சாதனங்களில் மிகக் குறைந்த பொறுமை உள்ளதன் நேரத்துக்குக் கீழே வைப்பது. அந்தச் சாதனம் எது என்று தெரிய வேண்டுமானால் அது படத்தில் இருக்க வேண்டும்.

லோடு பேலன்சருக்கும் செயலி சர்வருக்கும் நடுவே கணக்குத் தலைகீழ். அங்கே பின்னால் நிற்கும் சர்வர் இணைப்பைத் திறந்துவைத்திருக்கும் நேரம், லோடு பேலன்சரின் 60 விநாடியைவிட நீளமாக இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் சர்வர் கதவைச் சாத்தும் அதே நொடியில் லோடு பேலன்சர் புதுக் கோரிக்கையை அனுப்பிவிடும். ஆங்காங்கே 502 பிழை (பின்னால் உள்ள சர்வரிடமிருந்து சரியான பதில் வரவில்லை என்பது) தலைகாட்டும், சர்வரின் பதிவேட்டில் காரணம் எதுவும் இருக்காது.

இதுவரை சொன்னது படத்தில் இருந்த கோடுகளைப் பற்றி. படத்தில் இல்லாத கோடுகள்தான் ஆபத்தானவை. பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ், போர்ட் 53: இணைப்பு போடாமலே பொட்டலம் அனுப்பும் யுடிபியை மட்டும் திறந்து டிசிபியை மறந்தால் சிறிய பதில்கள் வரும், பெரியவை வராது. நேரத்தைச் சரிசெய்யும் என்டிபி, யுடிபி 123: கடிகாரம் பிசகினால் சான்றிதழ்களும் நுழைவுச்சீட்டுகளும் செல்லாமல் போகும்; பயனரை அடையாளம் காணும் நெறிமுறையான கெர்பரோஸ் இயல்பாக 5 நிமிட வேறுபாட்டைத்தான் மன்னிக்கும். பதிவேடுகளைச் சேகரிக்கும் வழி, காப்புநகல் எடுக்கும் வழி, புதிய பதிப்பைக் கொண்டுவந்து நிறுவும் வழி. எல்லாவற்றுக்கும் மேலாக நிர்வாகி உள்ளே நுழையும் வழி, எஸ்எஸ்எச் 22 அல்லது ஆர்டிபி 3389. 'அதெல்லாம் எல்லாரிடமும் இருப்பதுதானே, படம் கசகசவென்று ஆகிவிடும்' என்பது வழக்கமான பதில். கசகசப்பு பிரச்சினை என்றால் நிர்வாகக் கோடுகளுக்குத் தனித்தாளில் ஒரு படம் போடலாமே.

இது ஏன் முக்கியம் என்பதற்குச் சிங்கப்பூரர்களுக்கு வெளியூர் உதாரணம் தேவையில்லை. 2018 ஜூன் 27 முதல் ஜூலை 4 வரை சிங்ஹெல்த் என்ற பொது மருத்துவமனைக் குழுமத்தின் தரவுத்தளத்திலிருந்து ஏறத்தாழ 1.5 மில்லியன் நோயாளிகளின் விவரங்கள் எடுக்கப்பட்டன. 2019 ஜனவரியில் வெளியான விசாரணைக் குழுவின் அறிக்கை சுட்டிய முக்கியமான பலவீனங்களில் ஒன்று, சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையின் சிட்ரிக்ஸ் சர்வர்களுக்கும் (செயலிகளைத் தொலைவிலிருந்து பயன்படுத்த உதவுபவை) நோயாளிகள் தரவுத்தளத்துக்கும் நடுவே திறந்திருந்த வலையமைப்பு இணைப்பு. நிர்வாகக் கருவிகளுக்காகவும் சில தனிச் செயலிகளுக்காகவும் அது வைக்கப்பட்டிருந்தது. அப்படி வைத்திருக்க அவசியம் இல்லை என்று குழு கண்டது. தாக்கியவர் அந்த வழியாகத்தான் தரவுத்தளத்திடம் கேள்வி கேட்டார். வேறு குறைகளும் அந்த அறிக்கையில் நிறைய உண்டு, எல்லாவற்றையும் ஒரு கோட்டின்மேல் ஏற்றக்கூடாது. ஆனால் ஒவ்வொரு கோட்டுக்கும் 'இது யாருக்காக, எந்த வேலைக்காக' என்று எழுதியாக வேண்டும் என்ற பழக்கம் இருக்கும் இடத்தில், பதில் எழுத முடியாத கோடு தானே கண்ணில் உறுத்தும். தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தச் சம்பவத்துக்காக சிங்ஹெல்த், அதன் கணினி அமைப்புகளைக் கவனித்த ஐஎச்ஐஎஸ் ஆகிய இரு அமைப்புகளுக்கும் சேர்த்து 1 மில்லியன் வெள்ளி அபராதம் விதித்தது.

இதற்கு நேரெதிரான உதாரணமும் நம்மிடம் உண்டு: இருக்க வேண்டிய கோடு வேலை செய்யாதது. 2023 அக்டோபர் 14 அன்று ஒரு தரவு நிலையத்தின் குளிரூட்டு அமைப்பு கோளாறாகி, டிபிஎஸ், சிட்டிபேங்க் சேவைகள் பல மணிநேரம் தடைபட்டன. இரு வங்கிகளிடமும் மாற்று நிலையம் இருந்தது, அதற்கு மாறும் திட்டமும் இருந்தது. ஆனாலும் முழுமையாக மீள முடியவில்லை. நாடாளுமன்றத்தில் நவம்பரில் தரப்பட்ட விளக்கத்தின்படி ஒன்றுக்குக் காரணம் வலையமைப்பின் தவறான அமைப்பு, மற்றொன்றுக்கு இணைப்புச் சிக்கல். ஏறத்தாழ 2.5 மில்லியன் கட்டண, ஏடிஎம் பரிவர்த்தனைகள் நிறைவேறவில்லை. முக்கியமான அமைப்புகளின் திட்டமிடாத தடை எந்த 12 மாதத்திலும் மொத்தம் 4 மணிநேரத்தைத் தாண்டக்கூடாது என்பது வங்கிகளுக்கு நாணய ஆணையத்தின் விதி. பெட்டிகள் இரண்டு இடத்திலும் இருந்தன என்பதைக் கவனியுங்கள்.

மாற்று நிலையத்தைப் படத்தில் வரைபவர்கள் வழக்கமாக ஒரே ஒரு கோடு போடுவார்கள்: முதன்மைத் தரவுத்தளத்திலிருந்து நகல் தரவுத்தளத்துக்கு. தரவு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கும், சரி. மாறிய பிறகு என்ன ஆகும்? அங்குள்ள செயலி சர்வர் கட்டண நிறுவனத்தை அழைக்க வேண்டும். அதன் வெளிமுகவரி பதிவாகியிருக்கிறதா? கட்டண நிறுவனம் திரும்ப அழைக்க வேண்டும், எந்த முகவரிக்கு? டிஎன்எஸ்ஸில் பழைய முகவரி எத்தனை விநாடி ஒட்டிக்கொண்டிருக்கும்? முதல் நிலையத்தின் ஒவ்வொரு கோட்டுக்கும் இரண்டாம் நிலையத்தில் ஒரு ஜோடி இருக்க வேண்டும். வரைவதற்கு அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் ஜோடி இல்லாத கோட்டைக் கண்டுபிடிக்க வேறு எளிய வழி கிடையாது.

வரைந்த கோடு உண்மையா என்று சோதிப்பது எப்படி என்பதையும் உங்கள் கட்டுரை தொடவில்லை. கோடுகளுக்கு எண் கொடுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் ஃபயர்வாலில் ஒரு விதி இருக்க வேண்டும், ஒவ்வொரு விதிக்கும் படத்தில் ஓர் எண் இருக்க வேண்டும். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்து அடித்துக்கொண்டே வந்தால் மிஞ்சுவது இரண்டு வகை: கோடு உண்டு விதி இல்லை, விதி உண்டு கோடு இல்லை. முதல் வகை என்றோ ஒருநாள் பழுதாக வெளிப்படும். இரண்டாவது வகை சத்தம் போடாது, அதனால்தான் அதை முதலில் மூட வேண்டும்.

பிறகு, அம்பு புறப்படும் கணுவிலேயே உட்கார்ந்து நெட்கேட் அல்லது டெல்நெட் என்ற கருவியைக் கொண்டு எதிர்முனையின் போர்ட்டைத் தட்டிப் பார்க்க வேண்டும். தன் மடிக்கணினியிலிருந்து தட்டிப் பார்த்து 'போகிறதே' என்பவர் வேறொரு கோட்டைச் சோதிக்கிறார். பதில் வந்த விதத்திலேயே பாதி விடை இருக்கிறது. பெயர் தெரியவில்லை என்றால் டிஎன்எஸ் கோடு. உடனே 'மறுக்கப்பட்டது' என்றால், பெரும்பாலும் பொட்டலம் எதிர்முனைக் கணினிவரை போய்விட்டது, அந்தப் போர்ட்டில் கேட்பதற்கு ஆள் இல்லை. எதுவும் சொல்லாமல் நேரம் கடந்து நின்றால் வழியில் ஃபயர்வால் விழுங்கியிருக்கிறது, அல்லது திரும்பிவரும் வழி இல்லை. போன இணைப்பின் பதிலைத் தானே நினைவில் வைத்து அனுமதிக்கும் சாதனங்கள் உண்டு; அமேசானின் செக்யூரிட்டி குரூப் என்ற ஃபயர்வால் அப்படிப்பட்டது. அதே இடத்தில் நெட்வொர்க் ஏசிஎல் என்ற மற்றொரு வடிகட்டி எதையும் நினைவில் வைக்காது. அதற்குத் திரும்பும் திசையில் தனி விதி எழுத வேண்டும், அதுவும் 443க்கு அல்ல, அழைத்தவர் தற்காலிகமாக எடுத்துக்கொண்ட போர்ட்டுக்கு. லினக்ஸில் அது இயல்பாக 32768 முதல் 60999 வரை எதுவாகவும் இருக்கலாம். இதை அறியாமல் போகும் திசைக்கு மட்டும் விதி எழுதிவிட்டு, 'போர்ட் திறந்துதானே இருக்கிறது' என்று மணிக்கணக்கில் தலையைச் சொறிபவர்கள் அனுபவசாலிகளிலும் உண்டு.

ஒரு படத்தில் ஒரு சூழலை மட்டும் வரைய வேண்டும். சோதனைச் சூழலுக்கும் நேரடிச் சூழலுக்கும் ஒரே படம் போட்டு, ஓரத்தில் 'இரண்டுக்கும் பொருந்தும்' என்று எழுதுவது பொய்யாகத்தான் முடியும். சோதனையில் தரவுத்தளம் ஒன்று, நேரடியில் நகலோடு இரண்டு. சோதனையில் கட்டண நிறுவனத்தின் பாவனைத்தளம், நேரடியில் அசல்.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். படத்தை மறுபடி அச்சிடும் எண்ணம் இருந்தால், ரெடிஸ் கோட்டை முழுக்கோடாக்கி 'டிசிபி 6379' என்று எழுதுங்கள். கட்டண நிறுவனத்தின் கோட்டைப் பிரித்து, போகும் வழியில் நாட் கேட்வேயையும் வரும் வழியை லோடு பேலன்சரிலும் சேருங்கள். நிர்வாகி நுழையும் வழியைக் கட்டாயம் காட்டுங்கள். எழுத இடம் போதாவிட்டால் பின்னால் உள்ள மேகத்தை எடுத்துவிடலாம். அதில் எந்த மென்பொருளும் ஓடவில்லை.

இப்படிக்கு,
மென்பொருள் கட்டமைப்புத் துறையில் உள்ள வாசகர்,
உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்